வளையத்தில் ஒரு கோடு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களை எல்லாம் ஏற்றி இறக்குவதுதான் அவர் பிழைப்பு. நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. நான்கு மாடி ஏறினால் எங்கள் வீடு, அதற்கும் மேல் ஒரு இரும்புப் படி ஏறினால் மொட்டை மாடி. பதினோரு வருடமாக என் ஓய்வெல்லாம் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது.

நான் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருக்கிறேன். காலை ஆறு மணிக்கு நின்றால் மதியம் மூன்று மணி வரை நின்றபடிதான். இயந்திரத்திலிருந்து சுடச்சுட வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் சமையல், பாத்திரம், துணி. எல்லாம் முடிந்து அப்பாடா என்று காலை நீட்டும்போது படிக்கட்டு வழியாகக் குரல் இறங்கி வரும்.

"சீக்கிரம் வா! சனி கிடைச்சிடுச்சு! ஓடிடப் போகுது!"

ஓடித்தான் போகும். அவருடைய தொலைநோக்கியைத் தாங்கிக்கொண்டிருந்த சாதனத்தில் மோட்டார் இல்லை. அந்தச் சாதனத்தை நான் கால் என்பேன். "கால் இல்ல, மவுண்ட்" என்று திருத்துவார். பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால் கிரகம் குழாய்க்குள் அரை நிமிடம்தான் நிற்குமாம். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வருவதற்குள் அது போயிருக்கும். திரும்பப் பிடித்துத் தருவார். கண் வைக்கிற இடம் என் இடுப்பளவில், எங்கோ ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். குனிந்து, கழுத்தைத் திருகி, ஒரு கண்ணை மூடி எட்டிப் பார்த்தால் மூக்கு இடிக்கும். மூக்கு இடித்தால் மொத்தமும் ஆடும். ஆட்டம் நிற்பதற்குள் கிரகம் கிளம்பிவிடும். எனக்குத் தெரிந்ததெல்லாம் கருப்பு.

"தெரியுதா?"

"தெரியுது."

"அழகா இருக்கா?"

"ரொம்ப."

பொய்தான். முதல் தடவை உண்மையாகவே தெரியவில்லை என்று சொன்னேன். முக்கால் மணி நேரம் என்னைக் குனிய வைத்தார் புண்ணியவான். தெரிகிறது என்று சொன்னால் இரண்டு நிமிடத்தில் கீழே போய்ப் படுக்கலாம் என்று அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

நஷ்டம் ஆறு வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. அன்றைக்கு எனக்கு இரட்டை ஷிஃப்ட்.

"சனியோட வளையத்துல கருப்பா ஒரு கோடு இருக்குமாம்" என்றார். "புத்தகத்துல போட்டிருக்கு. எனக்குத் தெரியல. நீ பாரு."

குனிந்தேன். கருப்பு. "ஆமா, கோடு தெரியுது" என்றேன்.

மனிதர் துள்ளிக் குதிக்காத குறை. பார்த்ததையெல்லாம் குறித்து வைக்க ஒரு நோட்டு வைத்திருப்பார். உடனே அதில் எழுதினார்: 'அவள் கண்ணுக்குக் கோடு தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை.' அதன் பிறகு போகிற இடமெல்லாம் என் கண்ணைப் பற்றித்தான் பேச்சு. அவருடைய கூட்டாளி ஒருவர் இருக்கிறார், மேகம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தால் அன்றைக்கு வானம் மூடிக்கொள்ளும். அந்த மேகம்கூட என்னைப் பார்த்தால் கை எடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்.

இவரோ அந்தக் கோட்டைத் தேட ஆரம்பித்தார். மணிக்கணக்கில் குனிந்தே கிடந்தார். கண் டாக்டரிடம் மூன்று தடவை போனார். கண் நன்றாக இருக்கிறது என்று மூன்று தடவையும் சொன்னார்கள். நம்பவில்லை. "உனக்குத் தெரியுது, எனக்குத் தெரியலன்னா என் கண்ணுலதானே கோளாறு?" என்றார். நான் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

போன வருடம் அவர் இடுப்பு போய்விட்டது. டிஸ்க் நகர்ந்திருக்கிறது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் படுத்துக் கிடந்தார். ஒருநாள் மேகத்தை வரச் சொல்லி, "தொலைநோக்கிய எடுத்துட்டுப் போயிடு. எனக்கு இனிமே ஆகாது" என்றார்.

நான் காபியோடு வாசலில் நின்றேன். நியாயமாக எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இனி யாரும் என்னைப் படியேற்ற மாட்டார்கள்.

"அந்தக் கோட்டை மட்டும் ஒரே ஒரு தடவை பாத்திருக்கலாம்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னார். "இவ பாத்துட்டா. அது போதும்."

நானே பார்க்காத கோட்டைத் தேட வைத்து இந்த மனிதரின் இடுப்பை ஒடித்தது நான்தான்.

"குழாய் நல்ல குழாய்ப்பா" என்றார் மேகம். "அதைக் குத்தம் சொல்லாதே. மவுண்ட்டைத்தான் மாத்தணும். இப்பல்லாம் கனமில்லாம, ஆடாம, மோட்டாரோட வருது. நாற்காலி போட்டு உக்காந்தே பாக்கலாம். கிரகம் அதுபாட்டுக்கு நடுவுல நிக்கும்."

"உக்காந்து பாக்கவா? இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்" என்றார் இவர்.

"வாங்குங்க" என்றேன் நான்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மவுண்ட் வந்து சேர ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுக்க உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். ஆனால் அவர் கையேட்டை விரித்து வைத்து, ஸ்க்ரூ ஸ்க்ரூவாகப் படித்துக்கொண்டிருப்பார். இடுப்புப் பட்டை கட்டிய மனிதர் அப்படிச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் மனசு வரும்? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன்.

மேகம்தான் எல்லாவற்றையும் மாடிக்குத் தூக்கிக் கொடுத்தார். "நான் இருந்தா வானம் மூடிக்கும்" என்று சொல்லி இருட்டுவதற்கு முன்பே கிளம்பிப் போனார். நாங்கள் இருவரும் மாடிக்குப் போனபோது ஏழரை மணி இருக்கும். மூன்று தடித்த கால்களின் மேல் குழாய் ஆணி அடித்தது மாதிரி நின்றது. இவர் ஒரு பொத்தானை அழுத்தினார். மவுண்ட் முனகிக்கொண்டே திரும்பி ஓரிடத்தில் நின்றது. பக்கத்தில் உயரம் மாற்றக்கூடிய நாற்காலி போட்டிருந்தார்.

"உக்காரு. முதல்ல நீதான்."

"நீங்க பாருங்க."

"உன் கண்ணுக்கு அப்புறம்தான் என் கண்ணு. உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தேன். கழுத்தைத் திருக வேண்டியிருக்கவில்லை. கண் வைக்கும் இடம் சரியாக என் முகத்துக்கு நேரே இருந்தது. மூக்கு இடித்தது, ஆனால் எதுவும் ஆடவில்லை.

"ஐயய்யோ!" என்று கத்திவிட்டேன். "இத்தனூண்டா இருக்கு! வளையம் ஒட்டவே இல்லைங்க! உருண்டையத் தொடாம சுத்தி அந்தரத்துல நிக்குது!"



"அது என்னைக்குமே ஒட்டினதில்லையே" என்றார் மெதுவாக.

நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"இதுக்கு முன்னாடி நீ பாத்ததே இல்லையா?"

"இல்ல."

"வியாழன்?"

"இல்ல."

"நிலா?"

"நிலா பாத்திருக்கேன். அது பெருசு, ஓடினாலும் தெரியும்."

"அப்ப அந்தக் கோடு?"

"அசதியா இருந்துதுங்க" என்றேன். "நின்னு நின்னு காலெல்லாம் செத்துப்போச்சு. தெரியுதுன்னு சொன்னா விட்டுடுவீங்கன்னு சொன்னேன். தப்புதான். மன்னிச்சிடுங்க."

"ஆறு வருஷம்" என்றார். "என் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு நினைச்சேன்." பிறகு கேட்டார்: "பதினோரு வருஷமா நான் தனியாத்தான் பாத்துட்டு இருந்தேனா?"

இரும்புப் படியில் அவர் ஒவ்வொரு கால் வைக்கிற சத்தமும் கேட்டது. இறங்கிப் போய்விட்டார். தான் ஒரு பார்வைகூடப் பார்க்காமல் போனார்.

அழுகை வந்தது. எழுந்து போய் அவரைச் சமாதானப்படுத்தத் தெம்பு இல்லை. நாற்காலி வேறு வசதியாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன். சனி அங்கேயேதான் இருந்தது. மோட்டார் அதை விடாமல் பிடித்து வைத்திருந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். காற்றில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்த வளையம் திடீரென்று ஒரு நொடி அசையாமல் நின்றது. அதில் மயிரிழை மாதிரி என்னவோ வந்து போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி வந்தது.

படிக்கட்டுக்கு ஓடினேன். "ஏங்க! மேல வாங்க! கோடு!"

கீழே கதவு திறந்தது.

"சத்தியமாங்க! கோடு தெரியுது!"

"நீ சொன்னா நான் நம்பணுமா?" குரல் அவ்வளவு சோர்ந்திருந்தது. "எங்க தெரியுது? சொல்லு பாப்போம்."

"ரெண்டு ஓரத்துலயும். காது மாதிரி நீட்டிட்டு இருக்குல்ல, அங்க மட்டும். உருண்டைக்கு முன்னாடி வர்ற இடத்துல காணோம். நிக்கவும் மாட்டேங்குது, வந்து வந்து போகுது."



"ஓரத்துலன்னு உனக்கு யார் சொன்னது? நான் சொன்னதே இல்லையே. புத்தகத்துலதான் அப்படி இருக்கு."

"யாரும் சொல்லல. தெரியுதுங்க."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். நோட்டு கக்கத்தில் இருந்தது. என்னைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். ரொம்ப நேரம் அவர் அசையவே இல்லை. எனக்குக் காலையில் ஆறு மணிக்கு ஷிஃப்ட், கால் கடுத்தது, ஆனாலும் நின்றேன்.

"இருக்கு" என்றார் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "இருக்கு. ரெண்டு ஓரத்துலயும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார். ஆறு வருடத்துக்கு முந்தைய பக்கத்தைத் தேடி எடுத்தார். அந்த வரியை அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. அங்கிருந்த பழைய தேதியை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டார். 'எனக்குத் தெரியவில்லை' என்பதற்குக் கீழே 'கால் மணி நேரம் கழித்து எனக்கும்' என்று எழுதினார்.

பிறகு எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. வியாழன் வர இன்னும் நேரம் இருக்கு. அசதியா இருந்தா அசதின்னு சொல்லு."

"அசதியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.