சீமாட்டி அழுத படம்

எங்கள் நாடகங்களில் படம் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. இளவரசனுக்குக் காதல் வர வேண்டுமா, பெண்ணின் படத்தைக் காட்டினால் போதும், நின்ற இடத்திலேயே மயங்கி விழுவான். ஒருத்தி சாக வேண்டுமா, காதலன் படத்தில் விஷத்தைத் தடவி வைத்தால் முத்தம் கொடுத்துச் சாவாள். நேரில் போய்ப் பெண் பார்க்கிறவர்கள் எல்லாம் எங்கள் கதைகளில் கிடையாது.

ஆனால் படம் வாங்கக் காசு வேண்டுமே. எங்கள் குழுத் தலைவர் லோடவிக்குக்குக் காசை அவிழ்ப்பது என்றால் உயிரை அவிழ்ப்பது மாதிரி. விதவைச் சீமாட்டி நாடகத்தில், செத்துப்போன பிரபுவின் படத்துக்குப் பதிலாக மூடிப்போன ஒரு சத்திரத்தின் படம் போட்ட பெயர்ப்பலகையை நிறுத்தி, மேலே கறுப்புச் சீலையைப் போர்த்தி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் சீமாட்டி, “என் நாயகனே, இந்த முகத்தை இனி எங்கே காண்பேன்!” என்று கதறிய நேரம் பார்த்துச் சீலை நழுவி விழுந்தது. பலகையில் இருந்தது ஒரு கொழுத்த வாத்து.

“கவலப்படாத தாயி, சந்தையில நெறைய கெடக்குது!” என்று கீழே நின்ற கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். அன்றைக்கு மிச்ச நாடகத்தை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் லோடவிக் வாய் நிறையத் திட்டிக்கொண்டே பழைய சாமான் கடைக்குப் போய் ஒரு நிஜப் படத்தை வாங்கி வந்தார். கறுப்பு அங்கி, கழுத்தைச் சுற்றி வெள்ளை மடிப்புப்பட்டி, அடர்ந்த புருவம், மூக்கோரம் ஒரு மரு. காடியைக் குடித்துவிட்டு உட்கார்ந்தவர் போல உதட்டைச் சுழித்திருந்தார் மனிதர்.

“இந்த மூஞ்சிக்கா நான் அழணும்?” என்றான் ஆம்புரோஸ். பெண் வேஷமெல்லாம் அவனுக்குத்தான். சீமாட்டியாக மாற அவன் காலையிலும் மதியமும் சவரம் செய்துகொள்ள வேண்டும்.

“அழுடா. இவன் சம்பளம் கேக்க மாட்டான், வசனம் மறக்க மாட்டான், குடிச்சிட்டு வர மாட்டான். நம்ம குழுவுலயே உருப்படியான நடிகன் இவன் ஒருத்தன்தான்” என்றார் லோடவிக்.

என் பெயர் அர்சுலா. வாசலில் மண் உண்டியலோடு நின்று காசு வாங்குகிறவள். என் புருஷன் இதே குழுவில் சிப்பாய் வேஷம் கட்டியவன், காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். இந்தக் கொட்டகை திறந்திருந்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். அதனால்தான் துணி வியாபாரி பெட்டக்கின் பெயரைக் கேட்டாலே எனக்குப் பயம். கிளர்க்கன்வெல் என்கிற எங்கள் பேட்டையில் தேவாலய நிர்வாகி அவர். நாடகக் கொட்டகை சாத்தானின் வீடு, அதை மூட வேண்டும் என்று மன்னரின் சபைக்கு மனு எழுதி வைத்திருந்தார். தெருவே கையெழுத்துப் போட்டாயிற்று. அவர் கையெழுத்துதான் பாக்கி. கண்ணால் பார்க்காமல் பழி சொல்ல மாட்டாராம். அப்பேர்ப்பட்ட யோக்கியர்!

ஒரு மதியம் காவலனையும் கூட்டிக்கொண்டு வந்து, அவனை வாசலில் நிறுத்தினார். காசை நீட்டியவரை அண்ணாந்து பார்த்தேன், இவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் முதல்முறை. மூக்கோரம் மரு. அதே புருவம், அதே உதடு. உயிரோடு இருக்கிற ஒரு பெரிய மனிதரை மேடையில் காட்டினால் மனுவெல்லாம் எதற்கு, குழு மொத்தமும் நேராகச் சிறைக்குப் போகலாம். உள்ளே ஓடிச் சொல்வதற்குள் நாடகம் தொடங்க எக்காளம் ஊதிவிட்டார்கள்.

சீமாட்டி படத்தின் முன் மண்டியிட்டாள். பெட்டக் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். “உம்மைப் போல் ஒரு நீதிமான் இனிப் பிறப்பாரோ!” என்று ஆம்புரோஸ், கைக்குட்டையில் வெங்காயம் கொஞ்சம் கூடுதலாகிவிட்டது போல, தேம்பித் தேம்பி அழுதான். பெட்டக் மெல்ல உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் கைக்குட்டையை எடுத்தார்.

வெளியே போகும்போது என்னிடம் தயங்கி நின்றார். “அந்தப் படத்துல இருக்கறவரு... யாரும்மா?”

“இத்தாலி தேசத்துப் பிரபுங்கய்யா. தங்கமான மனுஷராம். அவரு போன துக்கத்துல ஊரே அடுப்பு மூட்டலையாம்.” அளப்பது என்று வந்துவிட்டால் அரைப்படி என்ன, ஒருபடி என்ன.

“மொகத்தைப் பாத்தாலே தெரியுது” என்றார் பெட்டக்.

அதற்குப் பிறகு அந்த நாடகம் போட்ட நாளெல்லாம் வந்தார், காவலன் இல்லாமல். மனு அவர் வீட்டில் தூங்கியது. படம் தன்னுடையது என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டால் கொட்டகைக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். அதோடு, வீட்டுக்குக் கொண்டுபோனால் அதன் முன்னால் யார் மண்டியிடப் போகிறார்கள்?

இதோடு விட்டிருந்தால் சரி. ஒருநாள் திரைக்குப் பின்னாலேயே வந்துவிட்டார். கடைசிக் காட்சியில் சீமாட்டி ஓர் இளம் தளபதியைக் கல்யாணம் செய்துகொள்வாள், பெரிய ஆட்டம் நடக்கும். அது அவருக்குப் பொறுக்கவில்லை. “ஒரு உத்தமனுக்கு வாக்கப்பட்டவ இன்னொருத்தன கட்டலாமா? ஊருக்கு என்ன பாடம் இது?”

லோடவிக் தலையைச் சொறிந்தார். மறுநாளே கல்யாணம் நின்றது. சீமாட்டி ஆயுளுக்கும் விதவையாக இருப்பதாகச் சத்தியம் செய்தாள். கூட்டம் வந்ததே அந்தக் கல்யாண ஆட்டத்துக்குத்தான். பெஞ்சுகள் காலியாயின. அவருக்காக அதையே திரும்பத் திரும்பப் போட்டோம், காலி பெஞ்சுகளைப் பார்த்து ஆம்புரோஸ் அழுதான்.

அப்படி ஒருநாள், கூடையும் கையுமாக ஒரு தாட்டியான அம்மாள் வாசலில் வந்து நின்றாள். “எம் புருஷன் உள்ள இருக்காரா? மதியமானா ஜெபக் கூட்டம்னு கெளம்பிடறாரு. இங்க என்ன ஜெபம்?”

பெட்டக்கின் மனைவி தாமசின். தடுக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. மாடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். படத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“அடியே, இது நான் வித்ததுடி! அழுக்கெடுக்கக் குடுத்திருக்கேன்னு அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன். பின்ன என்ன, சாப்பிட உக்காந்தா எதிர்ல ஒண்ணு, செவுத்துல ஒண்ணு. நான் ஆக்கினது ரெண்டுக்குமே உப்பு பத்தாது!”

எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. திடீரென்று அவள் நிறுத்திவிட்டாள். கீழே முன்வரிசையில் பெட்டக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அழுவுறாரா?”

“எப்பவும் இந்த எடத்துல அழுவாருங்கம்மா.”

“எங்க பொண்ணு போனப்ப, ஆறு வயசு அதுக்கு, கர்த்தர் சித்தம்னு சொல்லிட்டுக் கடையத் தொறக்கப் போனாரு இந்த மனுஷன். ஒரு சொட்டு வரல.”

இத்தனை நாள் அந்தக் கண்ணீரை எண்ணி நிம்மதியாக இருந்ததற்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது.

கீழே ஆம்புரோஸ் படத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். “இம்முகம் கண்ட கண்கள் இன்னொரு முகம் காணா! சாகும்வரை விதவையாகவே இருப்பேன்!”

தாமசின் என் கையை உதறிவிட்டு எழுந்தாள். கம்பியைப் பிடித்துக் குனிந்தாள்.

“நீ வேணா இருடியம்மா! நான் இருக்க மாட்டேன்!”

இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். ஆம்புரோஸுக்கு வசனம் மறந்துபோயிற்று. பெட்டக் அந்தக் குரலை அடையாளம் கண்டு தலையைத் தூக்கினார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே மனுவில் கையெழுத்து விழுந்தது. சபையின் உத்தரவு வந்ததும் காவலன் பூட்டோடு வந்து நின்றான், கூடவே பெட்டக், அவர் பின்னால் தாமசின், வேடிக்கை பார்க்கப் பேட்டையே. நாங்கள் மூட்டை முடிச்சுகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். காவலன் அந்தப் படத்தைத் தூக்கினான். படத்தைப் பார்த்தான், பெட்டக்கைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான்.

“ஐயா, இது உங்கள மாதிரியே...”

லோடவிக் பணிவாகக் குனிந்தார். “இனி எங்களுக்கு எதுக்குங்க. உடையவரு எடுத்துக்கட்டும்.”

பெட்டக் படத்தை நெடுநேரம் பார்த்தார். தெருவே அவரைப் பார்த்தது. “நான் இதைப் பாத்ததேயில்ல” என்றார். “யாரோ கூத்தாடிப் பய.”

காவலன் விடவில்லை. தாமசின் பக்கம் திருப்பிக் காட்டினான். “நீங்க சொல்லுங்கம்மா.”

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“எனக்கும் தெரியாதுப்பா. யாருக்காகவோ கண்ணு கலங்குற மனுஷன்னு சொன்னாங்க. அப்படி ஒருத்தரு எங்க வீட்டுல இருந்ததேயில்ல.”

பெட்டக் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, “பூட்டுப்பா” என்றார். காவலனுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது.