பெயரில்லாத் துண்டு 61

நாத்தனார் தம்பி பெண்டாட்டியின் அறைக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான் முதல் தடவை. இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில்தான் வேலை. ஆனால் குழந்தைகள் பிரிவின் தலைமை நர்சுக்கு நான்காம் மாடியில் என்ன ஜோலி? தம்பி பெண்டாட்டி அங்கே செய்யும் புள்ளிவிவர உத்தியோகத்தை அவள் ஒருநாளும் உத்தியோகமாக மதித்தவள் இல்லை. "உக்காந்து தட்டறதுக்கு ஒரு சம்பளமா?" என்று சொந்தக்காரர்கள் நடுவிலேயே கேட்ட வாய் அது. அந்த வாய் இப்போது பகல் பன்னிரண்டரை மணிக்கு இறுக மூடியிருந்தது. ஒரு தாளை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"இதை நீதானே போட்ட?"

தாளில் ஒரு கோடு ஜம்மென்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. 'குழந்தைகள் பிரிவு, மாதவாரியாகத் தொற்று' என்று தலைப்பு. காலைக் கூட்டத்தில் இயக்குநர் அதைத் திரையில் காட்டியிருக்கிறார். கட்டில் கட்டிலாகப் போய்க் குழந்தைகளுக்கு மருந்தேற்றும் குழாய்களைச் சுத்தமாக வைத்திருக்க என்றே நாத்தனார் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு நர்சுகளை வாங்கி வைத்திருந்தாள். இரண்டு வருஷத் திட்டம். அதனால் தொற்று குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது என்று முடிவாகிவிட்டது. மூன்று மணிக்கு நிறுத்த உத்தரவில் கையெழுத்து.

"எட்டு மாசமா என் வார்டுல ஒரு புள்ளைக்கும் குழாய் போட்ட இடம் புண்ணாகல. நான் கண்ணால பாக்கறேன். உன் மெஷின் ஏறுதுங்குது. நாளைக்கே என் ரெண்டு பொண்ணுங்களையும் தூக்கறாங்க." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். வீட்டில் எல்லோரையும் உருட்டி மிரட்டும் மனுஷி அழுது இவள் பார்த்ததே இல்லை.

"உக்காருங்க அண்ணி. பாக்கறேன்."

பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை. அந்த அறிக்கை ஒரே நீளக் கோப்பு. கொஞ்சம் எழுத்து, அதன்கீழ் கணக்குப் போடும் கட்டளைகள் ஒரு துண்டு, மறுபடி எழுத்து, மறுபடி துண்டு என்று நூற்று நாற்பத்து மூன்று துண்டுகள். பொத்தானை அழுத்தினால் இயந்திரம் மேலிருந்து கீழாக ஓடிப் படங்களை வரைந்து தள்ளும். ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் எழுத இடம் உண்டு. இவளுக்கு முன்னால் அங்கே இருந்த புண்ணியவான் ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லையென்றால் இயந்திரம் வரிசைப்படி எண் போட்டுக்கொள்ளும்: பெயரில்லாத் துண்டு 60, பெயரில்லாத் துண்டு 61. படங்களும் அதே எண்ணில்தான் சேமிப்பாகும். இயக்குநரின் ஸ்லைடும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் படத்தை இழுத்துக்கொள்ளும். படத்துக்குள் எழுத்தே கூடாது, தலைப்பை நான் போட்டுக்கொள்வேன் என்பது அவருடைய சட்டம்.

திங்கட்கிழமை இவள், இரட்டிப்பாய்ப் பதிவான நோயாளிகளை நீக்க உச்சியில் ஒரே ஒரு துண்டைப் புதிதாகச் சேர்த்திருந்தாள். அவ்வளவுதான். கீழே இருந்த அத்தனையும் ஒரு எண் நகர்ந்துவிட்டன. பழைய அறுபது அறுபத்தொன்றாகிவிட்டது. குழந்தைகள் பிரிவு என்று தலைப்புப் போட்டுத் திரையில் ஏறியது பக்கத்துப் பிரிவான அறுவைப் பிரிவின் கோடு!

"அண்ணி, தப்பு மெஷின் மேல இல்ல. என் மேல."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். திட்டு விழும் என்று இவள் தலையைக் குனிந்துகொண்டாள். விழவில்லை. "சரி பண்ண முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஸ்லைடில் அறுபத்தொன்றை அறுபத்திரண்டாக்கினால் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் யார் நம்புவார்கள்? நாத்தனாருக்காகத் தம்பி பெண்டாட்டி நம்பரை மாற்றினாள் என்று ஊரே சிரிக்கும். நாளைக்கே இன்னொரு துண்டு சேர்த்தால் மறுபடி இதே கூத்து. ஒவ்வொன்றுக்கும் பெயர் வேண்டும். புதியதோடு சேர்த்து நூற்று நாற்பத்து நாலுக்கும் கையால் எழுதினால் பதற்றத்தில் எங்காவது பிசகும். அதனால் ஒரு சின்ன நிரல் எழுத உட்கார்ந்தாள். அது கோப்பை மேலிருந்து படித்துக்கொண்டே வரும். துண்டுக்கு மேலே கடைசியாக வந்த தலைப்பைப் பிடிக்கும். அதையே, ஒரு வரிசை எண்ணோடு, பெயராகச் சூட்டும். சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது. நாத்தனார் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒன்றும் புரியாமல், வைத்த கண் வாங்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டே காலுக்கு ஓட்டினாள். சிவப்பு எழுத்தில் ஒரு வரி விழுந்து நின்றுவிட்டது. ஒரே பெயரில் இரண்டு துண்டு இருந்தால் இயந்திரம் ஒத்துக்கொள்ளாது. பார்த்தால், எல்லாப் பிரிவுக்கும் கீழே 'முடிவுகள்' என்றே ஒரு சிறுதலைப்பு. பிரிவுக்குப் பிரிவு வரிசை எண்ணும் ஒன்றிலிருந்து தொடங்கியதால் 'முடிவுகள் 1' என்று எட்டு பேர் நின்றார்கள்!

"எங்க வார்டுலயும் ஒரே பேர்ல மூணு புள்ளைங்க வந்துரும்," என்றாள் நாத்தனார். "அம்மா பேரையும் சேத்து எழுதிருவோம்."

இவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அதேதான் அண்ணி!" சிறுதலைப்புக்கு முன்னால் பிரிவின் பெருந்தலைப்பையும் சேர்க்கச் சொன்னாள். மறுபடி ஓட்டினாள். நூற்று நாற்பத்து நாலும் தடங்கலில்லாமல் ஓடி முடிந்தன. 'குழந்தைகள் பிரிவு, முடிவுகள், 1' என்ற பெயரோடு படம் வந்து விழுந்தபோது கத்திவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்லைடுகள் எல்லாவற்றிலும் எண்ணுக்குப் பதில் பெயரைக் கோத்து முடிக்க மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

இயக்குநர் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். அறுவைப் பிரிவு டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இவள் சுற்றி வளைக்கவில்லை. திங்கட்கிழமை தான் செய்ததைச் சொன்னாள், எண்கள் நகர்ந்ததைச் சொன்னாள்.

"அப்போ காலைல என் பிரிவுல தொற்று இறங்கிருச்சுன்னு கை தட்டினது?" என்றார் அறுவை டாக்டர்.

"அது கண் பிரிவுக்குச் சேர வேண்டியது டாக்டர்."

இயக்குநர் சிரிக்கவில்லை, கூடவே வந்து உட்கார்ந்திருந்த நாத்தனாரைக் காட்டினார். "இவங்க உங்க சொந்தம்தானே? நாளைக்கு நீங்க இன்னொன்னு சேத்தா இதுவும் மாறாதுன்னு என்ன நிச்சயம்?"

"உங்க கண் முன்னாடியே சேக்கறேன் சார்." உச்சியில் ஒரு வெற்றுத் துண்டைச் சேர்த்தாள். ஒன்று போதாதென்று மூன்று சேர்த்தாள். பொத்தானை அழுத்தினாள். வேலைக்குச் சேர்ந்த இந்த நாலு மாசத்தில் இந்த ஆஸ்பத்திரியில் அவள் இவ்வளவு தைரியமாக நின்றதில்லை. படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றுகூட இடம் மாறவில்லை.

கடைசியில் குழந்தைகள் பிரிவு வந்தது. நாத்தனார் யாரையும் கேட்காமல் எழுந்து திரைக்குக் கிட்டே போனாள். படம் காட்டும் வெளிச்சத்துக்குக் குறுக்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. அவளுடைய வெள்ளைச் சீருடையின் தோளில் விழுந்த கோடு முதுகு வழியே மாதம் மாதமாக இறங்கி, இடுப்புக்குக் கீழே தரையை ஒட்டி நேராக ஓடியது. இயக்குநர் பேனாவை மூடி வைத்தார். நகரும்படி யாரும் சொல்லவில்லை.