கயிற்றுக்கு இந்தப் பக்கம்

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் புருஷன் மாயவனின் விரல் நகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள் வேண்டா. சைக்கிள் கடையைப் பூட்டி மூன்று மாதம் ஆகிறது, ஆளே பாதியாகிவிட்டான், நகக்கண்ணில் இருக்கும் கிரீஸ் மட்டும் போவேனா என்கிறது. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிப் பதினோரு நாள். நேற்றோடு பேச்சும் நின்றுவிட்டது. காது கேட்கிறது என்பது வேண்டாவின் கட்சி. கேட்கவில்லை என்பது பக்கத்து வீட்டுப் பூவாயியின் கட்சி.

"ஏ வேண்டா, செங்கல்பட்டு சாரு வந்துகீறாரு பாரு" என்று பூவாயி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

வேண்டா துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். வந்தவர் அருணகிரி. அச்சகக்காரர், செங்கல்பட்டு வட்டார விளையாட்டு எழுத்தாளர் சங்கத்தின் செயலாளர். அந்தச் சங்கத்தில் சேர மாயவன் ஆறு தடவை மனுப் போட்டான். ஆறு தடவையும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றவர் இவர்தான்.

சங்கத்தில் பதினாலு பேர். அதில் ஒரு வக்கீல் சதுரங்கத்தைப் பற்றி என்றைக்கோ ஒரு கட்டுரை எழுதியதோடு பேனாவை மூடிவிட்டார். ஒரு ரைஸ்மில் முதலாளி கோப்பை வாங்கிக் கொடுப்பார், எழுதவே மாட்டார். மாயவனோ முட்டுக்காட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் எங்கே சடுகுடு நடந்தாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவான். இருபது வருஷமாக மெட்ராஸ் பேப்பரில் அவன் எழுதியது வருகிறது, பேர் போடாமல், 'நமது நிருபர்' என்று. சங்கத்து ஆளுக்குப் பந்தலில் நாற்காலி உண்டு, சோடா உண்டு. மற்றவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டியதுதான். மாயவன் நிற்பான், கையில் குடையோடு. அந்த நாற்காலியில் ஒரு நாள் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவன் வேறெதற்கும் ஆசைப்பட்டு வேண்டா பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் கெடுத்தது எழுபத்தொன்றில் நடந்த ஃபைனல். ஊர்க் கோட்டைக்குப் பக்கத்து மைதானத்தில் நாவலூர்க்காரர்கள் மாயவனின் சொந்த ஊரான சதுரங்கப்பட்டினத்தைத் தோற்கடித்தார்கள். மறுநாள் பேப்பரில் சதுரங்கப்பட்டினம் வெற்றி என்று வந்தது. ஊர் சிரித்தது. ஜெயித்தது யாரென்று தெரியாதவன் எழுத்தாளனா என்று சங்கம் கேட்டது. மாயவன் வாயே திறக்கவில்லை. ஏன் அப்படி ஆயிற்று என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் பாயில் கிடக்கிறான்.

அருணகிரி முக்காலியில் உட்கார்ந்து மாயவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"மெம்பர் ஆவறதுக்கு ஃபாரம் இதும்மா. கமிட்டில நாலு பேரு கையெழுத்து போட்டாச்சி. பாக்கி என்னுதுதான்."

வேண்டாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "கேட்டுச்சா? சாரு ஃபாரம் எடுத்துகினு வந்துகீறாரு!" என்று மாயவனின் காதருகே குனிந்து சொன்னாள். அவன் கண் திறந்தது. அவள் பூவாயியைத் திரும்பிப் பார்த்தாள், பார்த்தாயா என்பதுபோல.

அருணகிரி பேனாவின் மூடியைக் கழற்றினார். "அந்த ஃபைனல் மேட்ச மட்டும் எப்டி மாத்தி எழுதினான்? தெரிஞ்சா என் மனசு ஆறும். உனக்குத் தெரியுமாம்மா?"

மாயவனின் கை பாயிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியது. சொல் என்கிறான் என்று எடுத்துக்கொண்டாள் வேண்டா. ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்தது மளமளவென்று வெளியே வந்தது.

"அவரு மேல தப்பே இல்ல சார். நான்தான் கவர மாத்திக் குடுத்துட்டேன். அஞ்சரை பஸ்ஸ வுட்டா மெட்ராசுக்கு நியூஸ் போய்ச் சேராது இல்ல? மேட்ச் முடியறதும் பஸ் கெளம்பறதும் ஒண்ணா இருக்கும். அதுக்குத்தான் காலையிலயே ரெண்டு கவர் எழுதி ரெடியா வெச்சிடுவாரு. நம்மாளு ஜெயிச்சா செவப்பு நூலு, தோத்தா வெள்ள நூலு. நான் ரெண்டையும் எடுத்துகினு பஸ்ஸாண்ட நிப்பேன், அங்கேர்ந்து பாத்தா மைதானம் தெரியும். முடிஞ்சதும் அவரு கொடைய விரிச்சா ஜெயிச்சோம்னு அர்த்தம். மடக்கியே வெச்சிருந்தா தோத்துட்டோம். அன்னிக்குப் பாத்து தூறல் போட்டுச்சி சார். அவரு மழைக்கு விரிச்சிட்டாரு. நான் செவப்பக் குடுத்துட்டேன். என் தலையிலயுந்தான் தூறல் வுழுந்துச்சி. எனக்கு புத்தி எங்க போச்சின்னு தெரியல."

அருணகிரி சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"காலையிலயே எழுதிடுவானா?"

"ஆமா சார்."

"எல்லா மேட்சும் இப்டித்தானா?"

"இருபது வருசமா சார். ஒரு வாட்டிதான் தப்பாச்சி" என்றாள் வேண்டா, பெருமையாக.

பேனாவின் மேல் மூடி 'டக்'கென்று விழுந்தது. அருணகிரி காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"ஏதோ கைத்தவறுன்னு நெனச்சிகினு இருந்தேம்மா. ஆட்டம் ஆடறதுக்கு முன்னாடியே எழுதறவனுக்கு நான் எப்டி கையெழுத்து போடுவேன்? நாலு பேருக்கும் சொல்லியாவணும்."

"பாத்துகினுதான் சார் இருப்பாரு! கடைசி வரைக்கும் நின்னு பாப்பாரு. நீங்கல்லாம் சோடா குடிச்சிட்டு எழுந்து போன அப்பறமும் நிப்பாரு."

"தெரியும்மா. நான் கேக்காம இருந்திருக்கணும்" என்றார் அருணகிரி. நிஜமாகவே நொந்துதான் சொன்னார். ஆனால் காகிதம் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

மாயவனின் கை பாயில் விழுந்து கிடந்தது. அப்போதுதான் வேண்டாவுக்கு உறைத்தது. அவன் கையைத் தூக்கியது சொல்லச் சொல்லி அல்ல. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

"இந்த வாட்டியும் மாத்திக் குடுத்துட்டேனே" என்று அவன் காதில் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். கோபமா, வலியா, தூக்கமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பாலை ஸ்பூனில் எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள். கடைவாய் வழியே வழிந்தது. துடைத்தாள். மறுபடி கொடுத்தாள், மறுபடி வழிந்தது. அதைத் தவிர அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

அருணகிரி எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. நாலரை மணிக்கு மூச்சு இழுத்தது. ஐந்துக்கு முன்னால் அடங்கிவிட்டது. பூவாயி ஓவென்று குரலெடுத்தாள். வேண்டாவுக்கு அழுகை வரவில்லை, கை மட்டும் ஸ்பூனை விடவில்லை.

அருணகிரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு காகிதத்தில் எழுதினார். "அஞ்சரை பஸ்ல அனுப்பிச்சா நாளைக்கு பேப்பர்ல வந்துடும்மா."

"இன்னா எழுதினீங்கன்னு படிங்க சார்."

அவர் படித்தார். "சதுரங்கப்பட்டினம் சைக்கிள் கடை உரிமையாளரும் விளையாட்டு ஆர்வலருமான மாயவன் இன்று மாலை காலமானார். அன்னாருக்கு வயது ஐம்பத்திரண்டு."

"நிருபர்னு போடக் கூடாதா?"

அருணகிரி எதையும் மாற்றாமல் காகிதத்தை மடித்துக் கவரில் போட்டார். வேண்டா கவரை வாங்கிக்கொண்டு புறப்பட்டாள்.

"பொணத்த போட்டுட்டு நீ எங்கடி போற? நான் யாரையாச்சும் அனுப்பறேன்" என்று பூவாயி கையைப் பிடித்தாள். வேண்டா கையை விடுவித்துக்கொண்டாள். தெருவில் தூறல் ஆரம்பித்திருந்தது. "நனையாதடி, இத்தயாவது எடுத்துகினு போ" என்று பூவாயி ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக் கையில் திணித்தாள்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் ஆபிரகாம் தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷப் பழக்கத்தில் ஜன்னல் வழியே கையை நீட்டினார்.

"இன்னாம்மா, மேட்சா இன்னிக்கி? இன்னா ஆச்சி?"

வேண்டா கவரைக் கொடுத்தாள். தூறல் வலுத்தது. பஸ் கோட்டை மதிலைத் தாண்டித் திரும்பும்போது ஆபிரகாம் கண்ணாடியில் பார்த்தார். அவள் தொப்பலாக நனைந்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு.