பறக்கவைத்துக் காட்டப்படும்

ஏரிக்கரைப் படகுத்துறையில் காலை எட்டு மணிக்கே கூச்சல் தொடங்கிவிடும். எட்டுப் படகுக்காரர்களும் வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைப்பார்கள். அவர்களில் ஒருவனுக்கு மட்டும் தொண்டையைச் செலவழிக்கும் அவசியம் இல்லை. அவன் படகின் முகப்பில் ஒரு பலகை தொங்கியது: "நாரைகள் பறக்கவைத்துக் காட்டப்படும். கேரண்டி." அந்தக் கடைசிச் சொல்லே அவனுக்குப் பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுபோனது.

கேரண்டியின் தொழில் ரகசியம் ஒரு அலுமினிய மூடியும் ஒரு கரண்டியும்தான். ஏரி நடுவே தண்ணீரில் நின்ற மரங்களில் ஆண்டுதோறும் நாரைகள் வந்து கூடு கட்டும். மரங்களுக்கு நூறடி தள்ளியே படகை நிறுத்த வேண்டும், சத்தம் போடக் கூடாது என்ற விதியை வனத்துறை படகுத்துறையிலேயே பெரிதாக எழுதி மாட்டியிருந்தது. கேரண்டி அதன் மேல்தான் துண்டைக் காயப்போடுவான். படகை மரத்தடி வரைக்கும் ஓட்டிப்போய், "ஃபோனைத் தயாரா வெச்சுக்குங்க. ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணி, மூடியில் ஓங்கி ஒரு போடு போடுவான். மரமே பிய்த்துக்கொண்டு கிளம்பியதுபோல நாரைகள் அத்தனையும் வானத்துக்கு எழும்பும். படகில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். நாரைகள் கீழே இறங்கப் பயந்து சுற்றிச் சுற்றி வரும். அந்த இடைவெளியில் காக்கைகள் கூடுகளில் இறங்கும். அதை மட்டும் யாரும் படம் எடுப்பதில்லை.

வனக்காவலர் அவனிடம் பேசிப் பேசி ஓய்ந்துபோயிருந்தார்.

"போன வருஷம் எழுபது கூடு. அதுல இருபத்தாறு கூட்டுலதான் குஞ்சு தேறுச்சு. இந்த வருஷம் நாற்பது கூடுதான் கட்டியிருக்கு. இப்படியே போனா அடுத்த வருஷம் எதைக் காட்டுவ? உன் மூஞ்சியையா?"

"சார், நான் ஒரு முட்டையைத் தொட்டிருப்பேனா? தட்டுறதோட சரி. பறக்குறது அதோட வேலை."

வீட்டில் அவன் மனைவியின் குறை வேறு. "குழம்பு ஆவியாப் போகுது, மூடி ஏரியைச் சுத்திப் பார்க்குது" என்பாள்.

அந்தப் பருவத்தில்தான், கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து, அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கேரண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் மகளுக்குத் தூக்கம் என்பது மட்டும் பிடிக்கவே இல்லை. தோளில் போட்டால் அழுதாள், தொட்டிலில் போட்டால் வீடே அதிர அழுதாள். மூன்று நாள் கண்மூடாமல் இருந்துவிட்டு ஒரு மத்தியானம் தானாகவே அசந்து தூங்கினாள். கேரண்டி நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றான். சுவர்க்கடிகாரம் டிக் டிக் என்றது. அதைக் கழற்றித் துணிகளுக்கு நடுவில் புதைத்தான். குழாய் சொட்டியது, அடியில் துண்டைச் சுருட்டி வைத்தான். மனைவி சுவரில் சாய்ந்தபடியே வாய்திறந்து தூங்கிப்போனாள்.

அப்போது வாசலில் வேன் நின்றது. அவன் அக்கா, அவள் கணவர், பின்னால் ஐந்தாறு சொந்தக்காரர்கள்.

"எங்கடா என் மருமக?"

கேரண்டி வாயில் விரலை வைத்துக் கெஞ்சினான். கூட்டம் தொட்டிலைச் சூழ்ந்தது.

"தூங்குதா? கண்ணு யாரு ஜாடைன்னு பார்க்க வேணாமா?" என்றாள் அக்கா.

அத்தான் ஃபோனில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மூடுன கண்ணோட எடுத்தா சலவை மூட்டை மாதிரி இருக்கு. நாலு பேர்கிட்ட எப்படிக் காட்டுறது?"

சாவிக்கொத்தைக் குலுக்கினார். விரலைச் சொடுக்கினார். குழந்தை அசையவில்லை. அக்கா விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். கேரண்டி புரிந்துகொண்டு குறுக்கே பாய்வதற்குள் ஒரு தட்டோடும் கரண்டியோடும் திரும்பிவிட்டாள்.

"ரெடி," என்றார் அத்தான். "ஒண்ணு, ரெண்டு..."

டங்!

குழந்தை வீறிட்டது. மனைவி திடுக்கிட்டு எழுந்து, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அறையை இரண்டு சுற்றுச் சுற்றினாள். "முழிச்சுட்டா! முழிச்சுட்டா!" என்று கூட்டம் கைதட்டியது. பதினொரு படங்கள் எடுத்தார்கள்.

"அக்கா, உனக்கு மனசாட்சி இருக்கா?" கேரண்டி அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினான். "மூணு நாள் கழிச்சு இப்பதான் தூங்குச்சு. ஒரு ஃபோட்டோவுக்காக இப்படியா பச்சைப் பிள்ளையைப் பதற வைப்பீங்க?"

மனைவி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி சொன்னாள்: "அண்ணியை ஏன் திட்டுறீங்க? குடும்பத் தொழில்தானே?"

கேரண்டி கரண்டியைக் கீழே வைத்தான். வேன் கிளம்பிப் போனது. குழந்தை அடங்க நான்கு மணி நேரம் ஆனது. அவளைச் சுமந்து அறைக்குள் நடந்தபோது, ஒரு நாளைக்கு ஆறு சவாரி, ஆறு தடவை தட்டல் என்று முதல்முறையாக அவன் மனம் கணக்குப் போட்டது. அந்த மரங்களில் ஒவ்வொரு கூட்டிலும் இப்படித்தானே யாரோ அலைந்திருப்பார்கள் என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மூடியை அடுப்படியில் ஒப்படைத்தான். பலகையில் "பறக்கவைத்து" என்பதை அழித்து "தொந்தரவு செய்யாமல்" என்று எழுதினான். துறையே சிரித்தது. மூன்று நாள் அவன் படகில் ஈ கூட ஏறவில்லை. அவன் விட்ட இடத்தைப் பிடிக்க, பக்கத்துப் படகுக்காரன் பெரிய ஊதல் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு "சைரன்" என்ற பட்டத்தோடு வலம் வந்தான்.

நான்காம் நாள், மற்ற படகுகளில் இடமில்லாததால், ஒரு ஜவுளிக்கடை முதலாளி மனைவியோடு ஏறினார். கடையில் பேசிப் பழகிய குரல். சாதாரணமாகப் பேசினாலே அக்கரைக்குக் கேட்கும்.

"என்னப்பா, ஒண்ணும் பறக்கலை? உயிரோடதான் இருக்கா?"

"குழந்தை இருக்குற வீடு சார். கொஞ்சம் மெதுவா," என்றான் கேரண்டி.

முதலாளி வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். நூறடி தள்ளிப் படகு நின்றது. பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் கண் பழகியது. உச்சி வெயிலில் ஒரு நாரை இறக்கைகளைக் குடைபோல விரித்து நின்றது. அந்த நிழலில் மூன்று குஞ்சுகள். இன்னொரு நாரை அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகள் மேல் ஊற்றியது. இத்தனை வருடத்தில் கேரண்டியே அதைப் பார்த்ததில்லை. அவன் பார்த்ததெல்லாம் ஓடுகிற நாரைகளின் முதுகைத்தான்.

"பாத்தீங்களா? அது அப்பனாத்தான் இருக்கும்," என்று முதலாளியின் மனைவி கிசுகிசுத்தாள். "தண்ணி தூக்கிட்டு வந்து குளிப்பாட்டுது. நம்ம வீட்டுல மூணு பிள்ளைங்க. நீங்க ஒரு நாளாவது..."

"சத்தம் போடாதடி. குழந்தை இருக்குற வீடு."

அந்நேரம் சைரன் ஊதலை வாயில் வைத்தபடி மரத்தை நோக்கிப் படகை ஓட்டி வந்தான். கேரண்டி பதறித் துடுப்பை வலித்துக் குறுக்கே போய் நிறுத்தினான். கத்த முடியாது, கத்தினால் எல்லாம் பறந்துவிடும். எழுந்து நின்று கைகளை ஆட்டினான், கும்பிட்டான். தொட்டில் ஆட்டுவதுபோல் அபிநயம் பிடித்தான். முதலாளியும் எழுந்து, மரத்தைச் சுட்டி, இறக்கை விரிப்பதுபோலக் கைகளை விரித்துக் காட்ட, படகு தள்ளாடி அவர் தொப்பென்று உட்கார்ந்தார். சைரனின் படகில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர் காட்டிய திசையில் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. ஒரு பெண் கையை நீட்டி, சைரனின் வாயிலிருந்து ஊதலை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தாள்.

முதலாளி சும்மா இருக்கிற ஆளா? கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த நாரைக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். இரண்டு வாரத்தில் கேரண்டியின் படகுக்கு வரிசை நின்றது. வேறு வழியில்லாமல் மற்ற ஏழு படகுகளும் அடங்கின. பருவ முடிவில் வனக்காவலர் எண்ணிப் பார்த்தார். நாற்பது கூடுகளில் முப்பத்தொன்றில் குஞ்சுகள் தேறியிருந்தன. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார்.

ஒரு நாள் புதிதாக வந்த ஒருவர் படகில் ஏறும்போதே கேட்டார்: "நாரை பறக்கும்னு கேரண்டி உண்டா?"

"அது நமக்கு வேடிக்கை காட்ட வரலை சார், பிள்ளை வளர்க்க வந்திருக்கு," என்றான் அவன். "காடும் ஏரியும் அதுங்க வீடு. நாம போறது விருந்தாளியா. வீட்டுக்காரங்களை விரட்டிட்டு எந்த விருந்தாளியாவது வீட்டைச் சுத்திப் பார்ப்பானா? அதுங்க நிம்மதியா இருந்தாத்தான் நமக்குப் பார்க்க ஏதாவது மிஞ்சும். வாயை மூடி, கண்ணைத் திறந்து உக்காருங்க. போகலாம்."