நிர்மலாவுக்குப் பூவாடை

"சாமிக்கா, ஆளுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

கம்பைநல்லூரில் புடவை எடுக்கப் போனால் இப்படித்தான் கேட்பார்கள். சாமிக்கு என்றால் ஓரத்தில் தனி அலமாரி. அதில் இருப்பதை யாரும் கட்டப்போவதில்லை. ஒரு தரம் தண்ணீரில் நனைத்தால் சாயம் போய்விடும், நீளமும் ஒரு முழம் குறையும். சாமி புகார் சொல்லாது. நான்தான் "சாமிக்குங்க" என்றேன். அம்மா அந்த அலமாரிப் பக்கம் போகவே இல்லை. ஆட்கள் கட்டுகிற புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, முந்தானையை விரலில் தேய்த்துப் பார்த்து, கடைசியில் அரக்குக் கரை போட்ட கிளிப்பச்சை ஒன்றை எடுத்தாள். "அவ நெறத்துக்கு இது எடுப்பா இருக்கும்" என்றாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

சாமி என்று நான் சொன்னது என் அக்கா நிர்மலாதேவியை. அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெஷினில் தைக்கிறாள். புருஷன் மினி லாரி ஓட்டுகிறான். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் இருக்கிறது.

காலேஜ் முடிக்கும் முன்பே அவனோடு போய்விட்டாள். வேறு சாதி. அப்பா போலீசுக்குப் போகவில்லை, அரிவாளும் எடுக்கவில்லை. காலேஜ் அடையாள அட்டையில் இருந்த போட்டோவைப் பெரிதாக்கி, கண்ணீர் அஞ்சலி என்று ஃபிளெக்ஸ் அடித்து பஸ் ஸ்டாப்பில் கட்டினார். மொட்டை போட்டார். கருமாதி செய்து ஊருக்கே சோறு போட்டார். அவள் எங்கே, யாரோடு இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் வந்து சாப்பிட்டார்கள், ரசம் நன்றாக இருந்தது என்றும் சொன்னார்கள். பிறகு வருஷங்கள் போனதில் எங்கிருந்தோ ஒரு மஞ்சள்காமாலை வந்து கதையில் சேர்ந்துகொண்டது. ஊருக்குப் புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண்களுக்கு நிர்மலா மஞ்சள்காமாலையில் செத்த பெண். வெள்ளிக்கிழமைதோறும் கூடத்தில் இருக்கும் படத்துக்கு அப்பாவே பூ மாற்றுவார். அத்தனை வருஷம் ஒரு படத்துக்குப் பூ வைத்தால் வைக்கிறவனே நம்பிவிடுகிறான். ஊரில் இருக்கிற மற்ற வரலாறுகளும் இப்படித்தான் வந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. யாரிடமும் கேட்டதில்லை.

எனக்குப் பெண் அமையவில்லை. ஓசூரில் நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எவன் கொடுப்பான்? ஆனால் அந்தக் காரணத்தை ஒருவரும் சொல்லவில்லை. பம்பை மேளம் அடித்துச் சாமி அழைக்கிற கருப்பண்ணனைக் கூப்பிட்டுக் குறி கேட்டார்கள். கன்னியாகப் போன பெண் பசியோடு வாசலில் நிற்கிறது, அதுதான் தடுக்கிறது என்றார். கடைசியாகப் பாலக்கோட்டில் காவியாவைப் பார்த்தோம். அவளுடைய அப்பா தக்காளி மண்டி வைத்திருப்பவர், நல்ல மனுஷன். அவர் காதுக்கும் சேதி போயிருந்தது.

"பொண்ணு குடுக்க எங்களுக்கு ஒரு தடையும் இல்லீங்க. ஆனா கன்னியா செத்த பொண்ணு இருக்கற வூடு. பூவாடை போட்டு, அதுங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்கன்னா எங்களுக்கும் நிம்மதி."

"அதுக்கென்னங்க, பண்ணிருவோம்" என்றார் அப்பா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டில் செத்துப்போன பெண்ணைத் தண்ணீரிலிருந்து கலசத்தில் அழைத்து வந்து, புடவையும் பூவும் வைத்துக் கும்பிடுவதுதான் பூவாடை. வீட்டில் யார் மேலாவது அவள் இறங்குவாள். பேசுவாள். கல்யாணத்துக்கு உத்தரவு தருவாள். அதன் பிறகு அவள் அந்த வீட்டின் பூவாடைக்காரி.

என் கல்யாணத்துக்கு மட்டும் வருவதாக அக்கா எப்போதோ சொல்லிவைத்திருந்தாள். மண்டபத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாளாம். நானும் வா என்று சொல்லியிருந்தேன். இப்போது காவியா வீட்டில் உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். பூவாடை போட்டுவிட்டால் அக்கா வர முடியாது. சாமியாகிப் போனவள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்க முடியுமா? நான் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் வேண்டியிருந்தது.

போனில் அக்காவிடம் சொன்னபோது வெகுநேரம் சிரித்தாள்.

"எனக்கேவாடா? என்ன படைக்கப் போறீங்க?"

"சக்கரைப் பொங்கல்."

"எனக்குப் புடிக்காதுன்னு அம்மாக்குத் தெரியுமே." பிறகு குரல் மாறியது. "அப்ப நான் வரக்கூடாது."

"பாக்கலாம்க்கா" என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் பூவாடை போட்டோம். கிணற்றில் தண்ணீர் இல்லை. போர் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி, அதிலிருந்து கலசம் எடுத்தார்கள். காவியாவின் அப்பாவுக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. படம், வளையல், வேப்பிலை, மேலே அந்தப் பச்சைப் புடவை. கருப்பண்ணன் பம்பையை அடித்து அவளை வர்ணித்துப் பாடத் தொடங்கினார். பொதுவாக என் சின்ன அத்தை மேல்தான் சாமி வரும், எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மேல் எந்தச் சாமியும் வந்ததில்லை. சாமி ஆடுகிறவர்களைப் பார்த்தால் "சோறாக்கவே நேரமில்ல, இதுல இது வேற" என்பாள். திடீரென்று அம்மா கையிலிருந்த வெற்றிலைத் தட்டு கீழே விழுந்தது. முடி அவிழ்ந்து முகத்தை மூடியது.

"யாரும்மா வந்திருக்கறது? பேரச் சொல்லு" என்றார் கருப்பண்ணன்.

"நிர்மலா."

பெண்கள் குலவையிட்டார்கள்.

"என்ன கொறையில போன தாயி? எப்பிடிச் செத்த?"

"நான் சாகல."

பம்பை ஓர் அடி தவறியது.

"நான் சாகலடா. ஆம்பூர்ல இருக்கறன்."

காவியாவின் அப்பாவைப் பார்த்தேன். ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் தரையைப் பார்த்தார்கள். ஆனால் கருப்பண்ணன் அனுபவசாலி. எந்தச் சாமி என்ன சொன்னாலும் அவருக்கு அடுத்த கேள்வி இருக்கும்.

"ஆம்பூர்ல எந்தக் கோயில்ல குடியிருக்கற? சொல்லு தாயி, வந்து பொங்க வெச்சுடறோம்."

காவியாவின் அப்பா எழுந்து தலைக்கு மேல் கைகூப்பினார். மறுபடி குலவை. ஏதாவது நாகாத்தம்மன் கோயிலாக இருக்கும் என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் யோசனை சொன்னார். அம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது அப்பா விழுந்தார். தொட்டித் தண்ணீர் சிந்திய சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அவள் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டார்.

"தெரியாம பண்ணிட்டன் ஆத்தா. பெத்த பொண்ண வெரட்டிட்டன். மன்னிச்சுரு."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. தோள் இரண்டும் குலுங்கின. பயந்து விழுந்தாரா, அம்மாவின் வாயை அடைக்க விழுந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. அம்மா ஆடுவதை நிறுத்திவிட்டுக் கீழே கிடந்த அந்த நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கல்யாணத்தப் பண்ணு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அப்பா தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் அக்காவுக்குப் போன் போட்டு அவரிடம் நீட்டினேன்.

"அக்காதாம்ப்பா. நேத்து சொன்னத ஒரு தரம் அவகிட்டச் சொல்லுங்க."

திரையைப் பார்த்தார். மணி போய்க்கொண்டிருந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவர் முகம்.

"சொல்ல வேண்டியவகிட்டச் சொல்லிட்டன்டா" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடப் போனார்.

போனில் "டேய் வீரமணி? அலோ?" என்று கேட்டது. வைத்துவிட்டேன்.

படைத்த புடவையைப் பெட்டியில் வைத்து மூட வேண்டும், அடுத்த கல்யாணத்துக்குத்தான் திறப்பார்கள். அம்மா அதை பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்தாள்.

"அவகிட்டக் குடுத்துட்டு வா. பொட்டியில என் பொடவை ஒண்ண வெச்சுட்டன்."

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மொரப்பூரில் ரயில் ஏறினேன். அக்காவின் வீடு ஷீட் போட்ட ஒற்றை அறை. அன்று அவளுக்கு லீவு. புடவையைக் கண்டதும் அம்மா எடுத்தது என்று தெரிந்துகொண்டாள். பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் என்னடா சொன்னன்?"

"சாகலன்னு சொன்ன. ஆம்பூர்ல இருக்கறன்னு சொன்ன."

"யாரும் ஒண்ணும் கேக்கலயா?"

"எந்தக் கோயில்னு கேட்டாங்க."

சிரித்தாள். போனில் சிரித்த சிரிப்பு இல்லை.

"அப்பா?"

"கால்ல வுழுந்தாரு. மன்னிச்சுருன்னாரு."

அக்கா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கையை எடுத்ததும், "அதுக்குத்தான் அன்னைக்குக் காலையில போன் பண்ணியா? எதுக்கு வெச்சிட்ட?" என்றாள்.

"கை பட்டுருச்சுக்கா."

நம்பினாளா தெரியவில்லை. "பத்திரிகை எங்க?" என்றாள். காலடியில் இருந்த பையில்தான் இருந்தது. தெய்வத்திரு நிர்மலாதேவி அவர்களின் நல்லாசியுடன் என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது.

"இன்னும் அடிச்சு வரல."

அவள் எழுந்து புடவையை உதறினாள். மடிப்புகளிலிருந்து வேப்பிலையும் குங்குமமும் அரிசியும் தரையில் கொட்டின. தோளில் போட்டு, சுவரில் இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தாள். அம்மா சொன்னது சரிதான், எடுப்பாகத்தான் இருந்தது. பிறகு துடைப்பத்தால் கீழே கிடந்ததை எல்லாம் கூட்டி, ஒரு பழைய காலண்டர் அட்டையில் வாரிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வாசலை ஒட்டி சாக்கடை. அந்தப் பக்கம் குப்பைத் தொட்டி. சந்து முழுக்கச் செருப்புக் கால்கள்.

"இத எங்கடா கொட்டறது?" என்றாள், திரும்பாமல். "கால்படாத எடமாப் பாத்துப் போடணுமில்ல."

அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பச்சைப் புடவை ஒரு தோளில் தொங்க, அவள் சந்தின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.