ஹெக்டரின் ட்ரயல்

என் புருஷன் ஹெக்டருக்குக் குடி இல்லை, சூது இல்லை. கொட்டாஞ்சேனையில் என்னைப் பார்த்துப் பொறாமைப்படும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு அந்த மனிதனின் ட்ரயலைப் பற்றித் தெரியாது.

காட்டிலும் சேற்றிலும் ஓடுகிற மோட்டார் சைக்கிளுக்கு எங்கள் ஊரில் ட்ரெயில் பைக் என்று பெயர். கம்பனிக்காரர்கள் புது மொடல் இறக்கினால் ஏதாவது ஒரு வெறும் காணியில் மண்ணைக் குவித்து, தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி, வந்து ஓடிப் பாருங்கள் என்று ஆட்களை அழைப்பார்கள். பனரில் என்ன எழுதியிருந்தாலும் ஹெக்டர் வாயில் அது ட்ரயல். கொழும்புத் துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்க்கும் இந்த மனிதன் ஒன்றையும் தவறவிட்டதில்லை. ஓடுவார், விழுவார், கம்பனி தருகிற சோற்றுப் பார்சலைச் சாப்பிடுவார், டீ-ஷேர்ட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்து சேர்வார். பைக் மட்டும் வாங்கமாட்டார்.

"வாங்கினா ஒண்டுதான் என்ட. வாங்காட்டி எல்லாமே என்ட" என்று தத்துவம் வேறு பேசுவார். அரசாங்கம் வாகன இறக்குமதியையே நிறுத்தி வைத்திருந்த வருடங்களில் மனிதன் வாடி வதங்கிப்போனார். எந்தத் தவக்காலத்திலும் அவர் அப்படி ஒடுங்கி நான் கண்டதில்லை. தடை நீங்கியதும் ட்ரயலும் தொடங்கியது, என் தலைவலியும் தொடங்கியது.

எங்கள் மகள் டெனிஷாவுக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் றமேஷ், வங்கியில் வேலை. போட்டோ மாற்றிக்கொண்ட நாளிலிருந்து இரண்டு பேரும் போனில் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதுவரை வந்த எல்லாச் சம்பந்தத்துக்கும் மூக்கைச் சுருக்கியவள், இதற்கு மட்டும், "அம்மா, இது சரி" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே எனக்குப் பெரிய அற்புதம். கொச்சிக்கடைக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

பெண் பார்க்க வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவதாகச் சொன்னார்கள். அதே வெள்ளிக்கிழமை இரத்மலானையில் ட்ரயல். "நாலு மணிக்கு முந்தி வந்துடுவேன்" என்று மாதா மேல் சத்தியம் பண்ணிவிட்டு, லீவும் போட்டுவிட்டு ஹெக்டர் போனார். நாலு மணிக்கு வந்தது அவர் அல்ல, மாப்பிள்ளை வீட்டார்.

றமேஷின் தாய் றஞ்சிதம் அக்கா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் சாட்சிக்காரர் சொல்வதை நீதவானுக்கும், நீதவான் சொல்வதைச் சாட்சிக்காரருக்கும் சொன்னவர். ஒவ்வொரு சொல்லையும் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பதுபோலக் கேட்பார். றமேஷ் பக்கத்தில் பூனைபோல இருந்தான். ரோல்ஸ் தட்டை நீட்டியபோது, "அவன் காரம் சாப்பிடமாட்டான்" என்று தாய் பதில் சொன்னார்.

"உங்கட அவர் இல்லையோ?" என்று கேட்டார் றஞ்சிதம் அக்கா.

"ட்ரயலுக்குப் போயிட்டார் அக்கா. இப்ப வந்துடுவார்."

கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை அப்படியே நின்றது. "ட்ரயலுக்கோ? எந்தப் பக்கம்?"

"ரத்மலானைப் பக்கம்."

"ஓ... கல்கிசையாக்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "கன காலமா நடக்குதோ?"

"ஐயோ, கலியாணம் முடிச்ச நாளிலேர்ந்து. நடுவில கொஞ்ச வருசம் அரசாங்கம் நிப்பாட்டி வெச்சிருந்திச்சு. இப்பத் திரும்பவும் தொடங்கிட்டாங்க."

"தனியவோ போறவர்?"

"பிறெடி எண்டு ஒரு கூட்டாளி. எதிலயும் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் மாட்டுவாங்க."

றஞ்சிதம் அக்கா குரலைத் தாழ்த்தினார். "அடிகிடி ஏதும்...?"

"அடிபடாம வருவாரா? போன தடவை முழங்கால் ரெண்டும் தோல் உரிஞ்சு போச்சு. முதுகெல்லாம் நீலம். நான்தான் எண்ணெய் பூசினேன். கேட்டா, அங்க அதெல்லாம் சகஜமாம்."

"கடவுளே! முடிவு எப்ப வரும் எண்டு சொல்லுகினமோ?"

"முடிவாவது! அவங்களும் இவரை விடமாட்டாங்க, இவரும் அவங்களை விடமாட்டார்."

அந்த நேரம் பார்த்து டெனிஷா கேக் தட்டோடு வந்தாள். "சின்னதில என்னையும் கூட்டிட்டுப் போவார் அன்ரி. சாப்பாடு நல்லாக் குடுப்பாங்க" என்றாள் சிரித்துக்கொண்டு. றஞ்சிதம் அக்கா நெஞ்சில் கையை வைத்தார். என் மகளின் குணம் பிடித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஹெக்டர் வந்து சேரும் முன்பே அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். போகும்போது அவர் என் கையைப் பிடித்து, "மறைக்காமச் சொன்னியள், அது பெரிய விசயம்" என்றார். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் காலையில் போன் வந்தது. "பிள்ளை தங்கமான பிள்ளை. ஆனால் தகப்பன்ர வழக்கு ஒரு முடிவுக்கு வரட்டும், பிறகு பாப்பம்."

"எந்த வழக்கு அக்கா?"

"நீங்கள்தானே சொன்னியள், ட்ரயல் நடக்குது எண்டு. கல்கிசைக் கோட்ஸிலதானே?"

பைக், சேறு, கம்பனி, சோற்றுப் பார்சல் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் பெருமூச்சுத்தான் கேட்டது. "இமெல்டா, நான் கோட்ஸில கேக்காத கதையோ? எல்லாற்ற வீட்டுக்காரியும் இப்பிடித்தான் ஏதாவது சொல்லுவினம்."

டெனிஷா குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு பைப்பைத் திறந்துவிட்டாள். அழும் சத்தம் கேட்கக்கூடாதாம். தண்ணீர்ச் சத்தத்தை விட அதுதான் எனக்குக் கேட்டது. ஹெக்டரின் ஹெல்மெட்டை எடுத்து அவர் மடியிலேயே எறிந்தேன். "நான் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லக்கூடப் போனதில்லயே இமெல்டா" என்று மனிதன் முழித்தார்.

நான் திரும்பவும் போன் எடுத்தேன். "அக்கா, நாளைக்கும் அதே இடத்தில ட்ரயல் இருக்கு. நீங்களே வந்து உங்க கண்ணால பாருங்க. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோர்ட் திறக்கும்?" அந்தக் கடைசிக் கேள்விதான் அவரைக் கொஞ்சம் அசைத்தது என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து நாங்கள் மூன்று பேரும் இரத்மலானைக்குப் போனோம். கஞ்சி போட்ட சேலையும் குடையுமாக றஞ்சிதம் அக்கா காரிலிருந்து இறங்கினார். ஓட்டி வந்த றமேஷ் பின்னால் வந்தான். வாசலில் நின்ற கம்பனிப் பையன் ஹெக்டரைக் கண்டதும், "அங்கிள், ஆயெத் ஆவத?" என்று சிங்களத்தில் கேட்டான். திரும்பவும் வந்துட்டீங்களா என்று அவன் கேட்ட விதத்திலேயே வழக்கில் பாதி தீர்ந்துவிட்டது. மீதியை ஹெக்டரே தீர்த்தார். முதல் மேட்டில் ஏறினார், இரண்டாவது மேட்டில் பறந்தார், மூன்றாவதில் பைக் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகச் சேற்றில் விழுந்தார். எழும்பி எங்களுக்குக் கை காட்டினார்.

"அப்ப வழக்கில்லை" என்றார் றஞ்சிதம் அக்கா.

"இல்ல அக்கா."

"வாங்கவும் மாட்டார்?"

"மாட்டார்."

அவர் முகம் இறுகியது. "வருசக்கணக்கா வந்து, ஓடிப் பாத்து, குடுக்கிறதைச் சாப்பிட்டுப்போட்டு, வேண்டாம் எண்டு போறது. இதுக்கு வழக்கே பரவாயில்லை. உங்களுக்கெல்லாம் வெக்கமில்லையோ?"

இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் நான். அதற்கு மேல் முடியவில்லை. "ஏன் அக்கா, நீங்க எத்தனை வீட்டுக்குப் பொம்பிளை பாக்கப் போனீங்க? எத்தனை வீட்டில ரோல்ஸும் கேக்கும் சாப்பிட்டீங்க? எல்லாத்தையும் வேண்டாம் எண்டு சொல்லிட்டுத்தானே எங்க வீட்டுக்கு வந்தீங்க? எங்க ஆள் பைக்கைத்தானே ஓடிப் பாக்கிறார்!"

"அம்மா!" என்றாள் டெனிஷா. அவள் முகத்தில் இரத்தமே இல்லை. வாயைக் கொடுத்து என் பிள்ளையின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று அந்த நிமிடம் நினைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

றஞ்சிதம் அக்கா கோபப்படவில்லை. குடையை மடக்கினார். திரும்பவும் விரித்தார்.

"நான் வேண்டாம் எண்டு சொன்னதெண்டோ நினைக்கிறியள்?" என்று மெல்லக் கேட்டார். "அவையள்தான் வேண்டாம் எண்டவை. மாப்பிள்ளை வாய் திறக்கிறாரில்லை, ஏதும் குறையோ எண்டு கேட்டவை. நான்தான் வெளியில மாத்திச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். முப்பது வருசமா மற்றவைக்காகக் கதைச்ச வாய், இமெல்டா. வீட்டுக்கு வந்தும் மூடேல்லை. அவனுக்கும் சேர்த்து நானே கதைச்சுப்போட்டன்."

டெனிஷாதான் சொன்னாள், "என்னோட நல்லாக் கதைப்பார் அன்ரி. சில நாள் நான்தான் போதும் எண்டு சொல்லி போனை வைப்பேன்."

"என்ர றமேஷோ?" என்றார் அவர். மகள் தலையாட்டினாள்.

அப்போதுதான் நாங்கள் மூன்று பேரும் றமேஷைத் தேடினோம். சேற்றுக்குப் பக்கத்தில் ஹெக்டர் அவனுக்குத் தன் ஹெல்மெட்டை மாட்டி, தாடைப்பட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். கம்பனிப் பையனிடம் லைசன்ஸைக் காட்டியாகிவிட்டது போலிருந்தது. சப்பாத்தைக் கழற்றலாமா என்று யோசித்துவிட்டு, அப்படியே சேற்றை மிதித்துக்கொண்டு அவன் எங்களிடம் வந்தான். தாயைப் பார்க்கவில்லை. நேரே என் முன்னால் நின்று பொக்கெட்டிலிருந்து போனை எடுத்து நீட்டினான்.

"மாமி, இதை ஒருக்கா வச்சிருங்கோ. நான் ஒரு ரவுண்ட் போட்டிட்டு வாறன்."

போனை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். இதுவரை என்னை அன்ரி என்றுகூடக் கூப்பிடாத பிள்ளை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. றஞ்சிதம் அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் பைக் உறுமியது.

"இப்ப அவன் உங்களை என்னெண்டு கூப்பிட்டவன்?" என்று கேட்டார்.

"மாமி எண்டார்."

"ஓம்" என்றார் அவர், சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எனக்கும் அப்பிடித்தான் கேட்டது."