இழுவைச் சங்கிலி

ட்ராக்டரின் கொக்கியில் ரித்விக் சங்கிலியை மாட்டினான். மறுமுனை லாரியின் முன் பம்பரில் ஏற்கெனவே பூட்டியிருந்தது. அவன் அப்பா வேங்கடசாமி சக்கர நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை. அவருக்குப் புது வேட்டி கட்டி, சந்தனம் வைத்து, கருமத்தம்பட்டித் தோட்டத்துக் களத்தில் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். லாரிக்கும் சந்தனம், சாமந்தி மாலை. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு என்று சிரித்து மருமகள் சைத்ரா போட்டோ எடுத்தாள்.

அவருக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து ஒரு வருடம் ஆகிறது. தலை தானாக ஆடும். அது ஆமாமா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. இடது கையைக் கொஞ்சம் தூக்குவார். தொண்டையிலிருந்து வரும் சத்தத்தை மனைவி ரங்கநாயகி மட்டும் புரிந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொல்வாள். தண்ணி கேக்கறாரு. ஃபேனை நிறுத்தச் சொல்றாரு. ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

லாரி போர்க்காலத்து ராணுவ லாரி. காயலான் கடையில் அறுக்கப்போகிற நேரத்தில் போய் மீட்டு வந்தார். துருவைச் சுரண்டி, தகடு மாற்றி, பச்சைப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. என்ஜின்தான் பாக்கி. சிலிண்டருக்குள் பிஸ்டன்கள் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தன. பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிடுவார். காலையில் முன்பக்கப் புல்லியில் கம்பி போட்டு மெதுவாக அழுத்திப் பார்ப்பார். நகராது. மறுபடி ஊற்றுவார். வருடக்கணக்காக அதையே செய்தார்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே யோசனைதான். கியரில் போட்டு ட்ராக்டரில் கட்டி இழுங்க.

"இழுத்தா பிஸ்டன் ராடு ஒடிஞ்சு என்ஜின் பிளாக்கப் பொத்துப்போடும். பிளாக் போச்சுன்னா அப்பறம் இதுல மாலையப் போட்டுக் கும்புடத்தான் ஆகும்" என்பார்.

ரங்கநாயகி காபித் தட்டோடு பக்கத்தில் நிற்பாள். அம்மணி காபி குடிக்கலீங்களா என்று யாராவது கேட்டால், "அவளுக்குக் காபி ஒத்துக்காது" என்று வேங்கடசாமி பதில் சொல்வார். அவளுக்கு டூர் பிடிக்காது. அவளுக்கு ஒண்ணும் வேண்டாம். அவள் சமையலறையில் நின்றபடி அரை டம்ளர் காபி குடிப்பதை ஒருநாள் பார்த்தார். அப்புறமும் அப்படியேதான் சொன்னார்.

விழுவதற்கு முந்தைய நாள் புல்லியில் போட்டிருந்த சாக்பீஸ் கோடு ஒரு நூல் நகர்ந்தது. "நகந்துருச்சு!" என்று கத்தினார். மாவுக் கையோடு ரங்கநாயகி ஓடி வந்தாள். "உன்னைய யாரு கூப்ட்டா?" என்றார்.

இப்போது துடியலூர் மெக்கானிக் பீர் முகம்மது சங்கிலியின் மேல் காலை வைத்து நின்றான்.

"தம்பி, ரெண்டு வாரம் பொறுங்க. இன்னும் ஊறோணும்."

"நான் நாளைக்குப் பெங்களூர் போகணும், பீரண்ணா. யூடியூப்ல ஒருத்தன் இப்பிடித்தான் எடுத்தான்."

"ஒடச்சவன் எவனும் வீடியோ போட மாட்டான் தம்பி."

"அண்ணா, நல்ல நாளும் அதுவுமா..."

"வண்டி ஐயாவோடது. ஐயா வேண்டாம்னா சங்கிலியக் கழட்டிருவனுங்க. அவரக் கேட்டுப்போட்டுச் செய்யலாம்."

வேங்கடசாமிக்கு மூச்சு சீராக வந்தது. பீர் முகம்மது வந்து எதிரில் குந்தினான்.

"ஐயா, இழுக்கலாமுங்களா?"

வேண்டாம் என்றார். அவர் மனதில் அது தெளிவான சொல்லாக இருந்தது. வெளியே வந்தது வெறும் கனைப்பு. இடது கையைத் தூக்கினார்.

"ஆசீர்வாதம் பண்றார்!" என்றாள் சைத்ரா.

பீர் முகம்மது எழுந்திருக்கவில்லை. "அம்மா, நீங்க கேட்டுச் சொல்லுங்க."

ரங்கநாயகி குனிந்து அவர் வாயருகே காதை வைத்தாள். அவர் மறுபடி சொன்னார். வேண்டாம். பிளாக் போயிரும். அவள் தலையசைத்தாள், அவர் தண்ணீர் கேட்கும்போது அசைப்பது போலவே. அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் அவர் எச்சிலைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இழுக்கச் சொல்றாரு" என்றாள்.

அவர் கத்தினார்.

"ஊறுனது போதுமாமா. அவசரப்படறாரு."

பீர் முகம்மது காலை எடுத்தான்.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ரித்விக் பூசணிக்காயைச் சுற்றி உடைத்துவிட்டு ட்ராக்டரில் ஏறினான். பீர் முகம்மது லாரியின் ஸ்டீயரிங்கைப் பிடித்தான். சங்கிலி விறைத்தது. லாரி உருண்டது, அவன் கியரில் போட்டுக் கிளட்சை விட்டதும் பின்சக்கரங்கள் சுற்றாமல் களத்து மண்ணை உழுதன. ரித்விக் ஆக்சிலேட்டரை மிதித்தான். கேமராவை உயர்த்தியபடி சைத்ரா "வாவ், வாவ்" என்றாள்.

பாறையில் கடப்பாரை முறிந்தது போல ஒரு சத்தம். லாரி முன்னால் எகிறி நின்றது.

அடியிலிருந்து கறுப்பாக ஆயில் கொட்டியது. பீர் முகம்மது படுத்து உள்ளே கைவிட்டான். கையோடு வந்த இரும்புத் துண்டைத் திருப்பிப் பார்த்தான்.

"பிளாக் பொத்துருச்சுங்க. இனி ஆகாது."

ரித்விக் இறங்கி வந்து இடுப்பில் கை வைத்து நின்றான். கொஞ்ச நேரம் லாரியைப் பார்த்தான், அப்புறம் அப்பாவை.

"இத்தன வருசம் பாத்துட்டுக் கடைசீல இவரே சொல்லிக் கெடுத்துப்போட்டாரு" என்றான்.

ரங்கநாயகி நாற்காலியை வேப்பமர நிழலுக்குத் தள்ளிப்போனாள். பிரேக்கைப் போட்டாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"ஏனுங்க, எங்கம்மா சாகப்பொழைக்கக் கெடந்தப்ப கோபியில இருந்து எங்கண்ணன் வந்தானே, ஞாபகம் இருக்குதுங்களா? நீங்க லாரிக்கு அடியில இருந்தீங்க."

ஞாபகம் இருந்தது. முன் அச்சு கழற்றிய நாள். அவருக்குத் தெரிந்தவை கால்கள் மட்டும்: மச்சானின் செருப்புக் கால், பக்கத்தில் இவளுடைய வெறுங்கால். 'அவளுக்கு பஸ் ஒத்துக்காது. அவ வரமாட்டா' என்று அடியில் இருந்தபடியே சொன்னார். வெறுங்கால் ஓர் அடி முன்னே வந்தது. ஸ்பானரை எடு என்றார். கால் பின்னால் போயிற்று. மறுநாள் சாவுச்செய்தி வந்தது.

"நீங்க வெளிய வந்து என்னையப் பாத்துச் சொல்லியிருக்கலாமுங்க" என்றாள்.

சைத்ரா காபித் தட்டோடு வந்தாள். அழுகிறாரே என்று பதறினாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. லாரி போன வருத்தம்."

"மாமாவுக்குப் பிடிக்குமேன்னு ஸ்ட்ராங்கா போட்டேன் அத்தை."

அவருக்கு வாசனை வந்தது. நாக்கு ஊறியது. கையைத் தூக்கினார், வேண்டும் என்று அவரால் முடிந்த அளவுக்குச் சொன்னார். சைத்ரா அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாங்கறாரு" என்றாள் ரங்கநாயகி. "அவருக்கு ஒத்துக்காது."

அவருடைய டம்ளரை எடுத்துக்கொண்டு எதிரே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஊதி ஊதி, முழு டம்ளரையும் குடித்தாள்.